புத்தகம் இல்லாத செசி, ஹாட்னர் இல்லாத பெயின்ட்

கேள்வி: பழைய சி.டி. 125 மோட்டார் சைக்கிள் ஒன்றை உடைத்துக் கட்டினேன். டாங்கிக்கு, இறுகவைக்கும் ஹாட்னர் கலந்த ‘2கே’ பெயின்ட் என்று காசு வாங்கினார்கள். ஒரு மாதத்தில் மூடியைச் சுற்றிக் கொப்புளம். பெட்ரோல் பட்ட இடம் கையோடு உரிகிறது. பெட்ரோல் சரியில்லை என்கிறார் பெயின்ட் அடித்த பாஸ்.
– கல்முனை

பதில்: பெட்ரோலில் ஒரு குறையும் இல்லை, தம்பி. சீட்டுக்குள் மறையும் பக்கத்தில், தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் தின்னர் ஆவியாகிக் காய்வது. தின்னரோ பெட்ரோலோ பட்டால் மறுபடி கரையும். ஹாட்னர் கலந்து இறுகிய கிளியர், அதாவது நிறமில்லாத மேற்பூச்சு, அப்படிக் கரையாது.

ஆனால் ஒரு கொப்புளத்தைக் கீறியும் பாருங்கள். அடியில் துரு இருந்தால் டாங்கி உள்ளிருந்து அரித்து ஊசித்துளை விழுந்திருக்கும். அதற்குப் பாஸைக் குறைசொல்ல முடியாது.

மறுபடி அடிப்பதென்றால் இரும்பு தெரிய உரிக்கவேண்டும். எப்பொக்ஸி பிறைமர், 800 சாண்ட் பேப்பரால் தண்ணீர்த் தேய்ப்பு, நிறம், அதன்மேல் கிளியர் இரண்டு கோட், இடையில் 10–15 நிமிடம். கிளியர், மூடி பொருந்தும் கழுத்தின் உள்விளிம்பு வரை ஏறவேண்டும். வெளியிலே நின்றுவிட்டால் பெட்ரோல் அந்த விளிம்பால்தான் புகும். ஹாட்னர் டின்னை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். விகிதம் டின்னிலேயே இருக்கும், பெரும்பாலும் 2:1. ஒரு வாரம் பெட்ரோல் ஊற்றவேண்டாம். மார்கழி மழைக்குள் இந்த வேலையைத் தொடவும் வேண்டாம், ஈரக்காற்றில் மினுக்கம் மங்கிவிடும்.

கேள்வி: பதிவுப் புத்தகம் இல்லாத செசி (சட்டகம்) மலிவாகக் கிடைத்தது, எடுத்துவிட்டேன். எஞ்சின் வந்த மோட்டார் சைக்கிளின் புத்தகம் கையில் இருக்கிறது. அதை வைத்து ஓடலாமா?
– ஏறாவூர்

பதில்: ஓடமுடியாது, அது வேறு செசியின் புத்தகம். நீங்கள் எடுத்தது பழைய இரும்பு. நிறுத்து வாங்கியிருந்தால் நட்டம் குறைந்திருக்கும்.

கேள்வி: டாங்கி, இரண்டு மட்காட், சைட் கவர்களுக்கு எவ்வளவு பெயின்ட்?
– வாழைச்சேனை

பதில்: நிறம் அரை லீற்றர், கிளியர் அரை லீற்றர், அதற்கு ஹாட்னர் கால் லீற்றர். ஒரு லீற்றர் நிறம் வாங்கச் சொன்னால் மிச்சம் யார் வீட்டுக்குப் போகும் என்று கேளுங்கள். புத்தகத்தில் உள்ள நிறம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்றவேண்டும்.

கேள்வி: சி.ஜி. 125 எஞ்சினுக்கு மூன்று சி.டி.ஐ. (தீப்பொறிக்கு மின்சாரம் விடும் பெட்டி) வாங்கிவிட்டேன். மூன்றிலும் தீப்பொறி இல்லை.
– களுவாஞ்சிக்குடி

பதில்: முதலாவது வேலை செய்யாதபோதே நின்றிருக்கலாமே! ஏ.சி. பெட்டி, எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் மெக்னட்டோவின் தனிச்சுருளில் இருந்து நூறு வோல்டுக்கு மேல் எடுப்பது, டி.சி. பெட்டி பற்றரியின் 12 வோல்டில் ஓடுவது. 12 வோல்டை ஏ.சி. பெட்டிக்குக் கொடுத்தால் பொறி வராது. சுருளின் வயரை டி.சி. பெட்டிக்குக் கொடுத்தால் பெட்டி எரியும். மெக்னட்டோவில் தனிச்சுருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாலாவதை அதற்குப் பிறகு வாங்கலாம்.

கேள்வி: செயின் செட் வாங்கினேன். செயின் பின்சில்லின் பல்லில் உட்காரவே இல்லை. பில்லில் ‘பார்ட்ஸ் 1’ என்று மட்டும் இருக்கிறது. கடையில் “நாங்கள் கொடுத்ததில்லை” என்கிறார்கள்.
– அக்கரைப்பற்று

பதில்: உங்களுக்குத் தந்தது 420 செயினும் 428 பல்லுமாக இருக்கும். இரண்டுக்கும் கண்ணி இடைவெளி ஒன்றுதான், 12.7 மி.மீ. உள்ளகலம்தான் வேறு: 420க்கு 6.35, 428க்கு 7.94. தடித்த பல் ஒடுங்கிய செயினுக்குள் போகாது. செயின் தகட்டிலேயே நம்பர் அடித்திருக்கும்.

இந்த ‘பார்ட்ஸ் 1’ பில்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை எழுதுகிறவருக்குத் தான் என்ன விற்றோம் என்று நன்றாகத் தெரியும். நாளைக்கு மறுக்க வசதியாகத்தான் அப்படி எழுதுவது. வாங்குகிறவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். கேளுங்கள். ‘428 செயின்’, பல்லின் எண்ணிக்கை, திகதி எல்லாம் எழுதவையுங்கள். எழுத மறுக்கிற கடையில் காசை எடுக்கவேண்டாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. அந்தச் செயினையும் பல்லையும் கழுவாமல் அப்படியே வையுங்கள்.

நீளம் அளக்காமல் நான் வாங்கிய ஷொக் சோடி ஒன்று கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதற்கும் பில் இல்லை.

கேள்வி: க்றோம் ஸ்பிரே அடித்தால் மட்காட் க்றோம் ஆகுமா?
– கல்லடி

பதில்: ஆகாது. அது வெள்ளிப் பெயின்ட். உங்கள் ஊர் உப்புக்காற்றில் அடுத்த மழை வரை நின்றாலே அதிகம்.