‘வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள்’ என்று ஏஜென்சி சொன்னால் நம்பலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் கோவைப் பக்கம், வேலை பெங்களூரில். அப்பாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய பர்சனல் லோன் இன்னும் 5 லட்சத்துக்கு மேல் நிற்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு ‘மேனேஜ்மென்ட் ஏஜென்சி’ என்னிடம் பேசியது. சந்தா கட்டிப் பார்க்கும் வெளிநாட்டு அடல்ட் தளத்தில் எனக்குக் கணக்கு தொடங்கித் தருவார்களாம். முகம் தெரியாது, இந்தியாவில் யாரும் பார்க்க முடியாது, மாதம் 2 லட்சம் வரும், பாதி அவர்களுக்கு என்கிறார்கள். பிறகு விருப்பப்பட்டால் ஓர் ஆணுடன் சேர்ந்து ஷூட்டிங், மெடிக்கல் டெஸ்ட் அவர்கள் பொறுப்பு. ஒரு வருடம் செய்து கடனை அடைத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். சட்டப்படி சிக்கல் வருமா? உடம்புக்கு ஆபத்தா? பணம் உண்மையிலேயே வருமா? முகம் தெரியாத இரண்டு படங்களை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். திட்டாமல் பதில் சொல்லுங்கள். — பெயர் வேண்டாம்

அன்புத் தோழிக்கு,

திட்ட மாட்டேன். கடன் கழுத்தை நெரிக்கிற நேரத்தில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால் யாருக்கும் ஒரு நிமிடம் மனசு அங்கே போய் நிற்கும். பால்வினை நோய்களுக்கான ஆலோசனை அறையில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். உடம்பைப் பற்றிச் சொல்வது என் அனுபவம். சட்டத்தையும் பணத்தையும் பற்றிச் சொல்வதை வக்கீல் தோழி ஒருவரிடமும் ஆடிட்டர் ஒருவரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய வரி ‘இந்தியாவில் யாரும் பார்க்க முடியாது’ என்பதுதான். இதே வாக்குறுதியை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் டியாகோ நகரில் ஓர் அடல்ட் தளம் பல வருடம் கொடுத்துவந்தது. மாடலிங் வேலை என்று விளம்பரம் செய்வார்கள். விண்ணப்பிக்கும் இளம்பெண்களிடம் பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்கள். ‘வீடியோ இணையத்தில் வராது, டிவிடியாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம்தான் போகும், உங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது’ என்பார்கள். சந்தேகப்படும் பெண்களிடம் பேசி, ‘நானும் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று பொய் சொல்லக் காசு கொடுத்தே பெண்களை வைத்திருந்தார்கள். ஒப்பந்தத்தைப் படிக்க விடாமல் அவசர அவசரமாகக் கையெழுத்து வாங்கினார்கள். வீடியோ நேராக இணையத்துக்குப் போனது. ஊரில், கல்லூரியில், வீட்டில் எல்லோர் கைக்கும் லிங்க் வந்துசேர்ந்தது. 22 பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2020 ஜனவரியில் நீதிமன்றம் அவர்களுக்கு சுமார் 1.27 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி, வீடியோக்களின் உரிமையையும் அந்தப் பெண்களுக்கே கொடுத்தது. தலைமறைவான முதலாளி ஸ்பெயினில் பிடிபட்டு, 2025-ல் 27 வருட சிறைத்தண்டனை பெற்றார். தளத்தின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. தேடினால் அந்தப் பெண்களின் படங்கள்தான் முதலில் வந்து நிற்கும்.

இத்தனைக்கும் அந்தத் தொழில் சட்டப்படி நடக்கிற இடம் அது. கலிஃபோர்னியாவில் வயது வந்தோர் படம் எடுப்பதை விபசாரத் தரகாகக் கருதித் தண்டிக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1988-லேயே தீர்ப்பளித்துவிட்டது. நடிப்பவரின் வயதுச் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற அமெரிக்க மத்தியச் சட்டமும் அதே வருடம் வந்தது. அதனால் ஏமாற்றப்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் நிமிர்ந்து நிற்க முடிந்தது. நம் ஊரில் நிலைமை வேறு.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, வெளிப்படையான பாலியல் காட்சியை மின்னணு வடிவில் வெளியிடுவதையோ, அனுப்புவதையோ, வெளிவரக் காரணமாக இருப்பதையோ குற்றம் என்கிறது. முதல் தடவைக்கே 5 வருடம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. வெறும் ஆபாசம் என்று வகைப்படுத்தினால் 67-வது பிரிவு, 3 வருடம் வரை. பார்ப்பவர் வெளிநாட்டில் இருக்கிறார், முகம் தெரியவில்லை, நானே சம்மதித்துத்தான் எடுத்தேன் என்பதற்கெல்லாம் அந்தப் பிரிவில் விலக்கு கிடையாது. பெங்களூரில் உங்கள் அறையிலிருந்து அப்லோட் ஆனால் அது இங்கே நடந்த செயல்தான். மத்திய அரசு இந்த விஷயத்தில் சும்மாவும் இல்லை. 2024 மார்ச்சில் 18 ஓடிடி தளங்களையும், 2025 ஜூலையில் இன்னும் 25-ஐயும் ஆபாசத்துக்காக முடக்கியது.

ஏஜென்சிக்கு இது நன்றாகத் தெரியும். நாளைக்கு அவர்கள் பணத்தைக் கொடுக்காவிட்டால் எந்த லேபர் ஆபீஸில் போய் நிற்பீர்கள்? ஒப்புக்கொள்ளாத காட்சியில் நடிக்கச் சொன்னால் யாரிடம் முறையிடுவீர்கள்? ‘போலீஸுக்குப் போனால் முதலில் உள்ளே போவது நீதான்’ என்று ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். இந்தத் தொழிலைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். என்னுடைய கவலை ஒன்றுதான்: ‘நிறுத்து’ என்று நீங்கள் சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்க ஒரு சட்டமோ ஒரு காகிதமோ இருக்க வேண்டும். இங்கே அது இல்லை.

முகம் தெரியாது என்பதற்கும் ஒரு வார்த்தை. அடையாளம் முகத்தில் மட்டும் இல்லை. கழுத்து மச்சம், கையில் போட்ட மோதிரம், குரல், ஹாஸ்டல் கட்டிலின் போர்வை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டி, எல்லாமே அடையாளம்தான். கூட வேலை செய்கிறவருக்கு இவற்றில் ஒன்று போதும். ‘இந்தியாவை பிளாக் பண்ணிவிடலாம்’ என்பார்கள். அப்படி ஒரு வசதி சில தளங்களில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் சந்தா கட்டிய ஒருவர் ஸ்கிரீனைப் பதிவு செய்து வேறு இடத்தில் போட்டால் அத்தோடு அந்த வேலி போயிற்று. பிறகு ஒரு வருடத்தில் நிறுத்துவது உங்கள் கையில் இல்லை.

சரி, பணம். இந்த வகையில் பெரிய தளம் ஒன்லிஃபேன்ஸ். 2016-ல் லண்டனில் தொடங்கியது. ரசிகர் கட்டுவதில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அதை நடத்தும் நிறுவனத்தின் 2023-ம் வருடக் கணக்குப்படி ரசிகர்கள் கட்டியது சுமார் 660 கோடி டாலர். படைப்பாளர்களுக்குப் போனது சுமார் 530 கோடி. கேட்கத் தலை சுற்றும். அப்புறம் படைப்பாளர் கணக்குகள் எத்தனை என்று பாருங்கள்: சுமார் 41 லட்சம். வகுத்தால் ஒருவருக்கு வருடத்துக்கு 1,300 டாலர் அளவில் வரும். மாதம் 9,000 ரூபாய். அதுவும் சராசரிதான். உச்சியில் இருக்கும் சிலர் அள்ளுவதால் மேலே தூக்கப்பட்ட சராசரி. கீழே இருப்பவர்களுக்கு அதுகூட வராது.

அதில் ஏஜென்சிக்குப் பாதி. ரசிகர் 100 டாலர் கட்டினால் தளம் 20 எடுக்கும், மீதி 80-ல் ஏஜென்சி 40 எடுக்கும், உங்களுக்கு 40. கார்டு வைத்திருப்பவர் ‘இதை நான் கட்டவில்லை’ என்று பேங்கில் புகார் செய்து பணத்தைத் திரும்ப வாங்கினால், அது உங்கள் பங்கிலிருந்து கழியும். தொழிலே சட்டவிரோதம் என்றாலும் வருமான வரி கட்டாமல் தப்ப முடியாது. கணக்கில் காட்டினால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், காட்டாவிட்டால் அது தனிக் குற்றம். பணம் வந்து இறங்கும் பேங்க் கணக்கு யார் பெயரில் என்று ஏஜென்சியிடம் கேட்டீர்களா? பல இடங்களில் லாகின், பாஸ்வேர்ட், பேங்க் மூன்றும் ஏஜென்சி கையில்தான். இன்னொன்றும் செய்வார்கள். உங்கள் பெயரில் ரசிகர்களோடு சாட் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வைப்பார்கள். நீங்கள் தூங்கும்போது நீங்கள் சொல்லாததை உங்கள் பெயரில் யாரோ வாக்குக் கொடுத்திருப்பார்கள்.

பெரிய தளத்துக்கே உத்தரவாதம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2020 டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் போர்ன்ஹப் என்ற பெரிய அடல்ட் வீடியோ தளத்துக்கான பணப் பரிமாற்றத்தை நிறுத்தின. அனுமதியில்லாத வீடியோக்கள் அங்கே இருந்ததுதான் காரணம், அது நியாயமான காரணம். ஆனால் சொந்தமாகச் சரிபார்த்துப் போட்டு அங்கே சம்பாதித்தவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள். 2021 ஆகஸ்டில் ஒன்லிஃபேன்ஸும் பேங்குகளின் நெருக்கடியால் வெளிப்படையான காட்சிகளுக்குத் தடை என்று அறிவித்து, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. இதை நம்பி இஎம்ஐ கட்ட முடியாது.

இனி உடம்பு. ‘மெடிக்கல் டெஸ்ட் எங்கள் பொறுப்பு’ என்ற வரியை நான் லேசில் விட மாட்டேன்.

ஒரு பெண் என்னிடம் ஒரு லேப் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். கூட நடிக்கப்போகும் ஆளுடையது. பெரிய எழுத்தில் ‘எச்ஐவி – நெகட்டிவ்’. மேலே அச்சிட்ட தேதி முந்தின நாள். கீழே சின்ன எழுத்தில் ரத்தம் எடுத்த தேதி இருந்தது. ஐந்து வாரம் முந்தையது. பழைய முடிவைப் புதிதாக பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். எந்த வகைப் பரிசோதனை என்று பார்த்தால், விரல் நுனி ரத்தத்தில் செய்யும் கார்டு டெஸ்ட். தொற்று ஏற்பட்ட பிறகு அந்த டெஸ்டில் தெரிய 23 முதல் 90 நாள் ஆகும். லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்டில் 18 முதல் 45 நாள். வைரஸின் மரபணுவையே தேடும் டெஸ்டில் 10 முதல் 33 நாள். ‘நெகட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை நாள் இருட்டு இருக்கிறது.

கலிஃபோர்னியா இதைப் பட்டுத்தான் கற்றது. ஷாரன் மிட்செல் என்ற முன்னாள் அடல்ட் பட நடிகை 1998-ல் அங்கே நடிப்பவர்களுக்கென ஒரு மருத்துவ மையம் தொடங்கினார். மாதம் ஒரு டெஸ்ட், அதுவும் மரபணு டெஸ்ட். அப்படி இருந்தும் 2004-ல் ஒரு நடிகர் வெளிநாட்டில் ஷூட்டிங் முடித்துத் திரும்பி வந்து, டெஸ்டில் நெகட்டிவ் வாங்கிய பிறகு, அவருடன் நடித்த 13 பெண்களில் 3 பேருக்கு எச்ஐவி தொற்றியது. ஷூட்டிங்குகள் வாரக்கணக்கில் நின்றன. இப்போது அங்கே 14 நாளுக்கு ஒரு டெஸ்ட் என்பது நடைமுறை. மேகவெட்டை, கிளமிடியா, சிபிலிஸ், ஹெபடைடிஸ் எல்லாம் அதில் அடக்கம். 2011-ல் அந்த மையத்தின் தகவல்கள் கசிந்து, ஆயிரக்கணக்கானோரின் உண்மைப் பெயர்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. அதே வருடம் மையமும் மூடப்பட்டது. உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவை ஏஜென்சி வைத்திருந்தால் அதுவும் ஓர் ஆயுதம்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மேகவெட்டையும் கிளமிடியாவும் தொண்டையில் எந்த வலியும் இல்லாமல் இருக்கும். சிறுநீர் டெஸ்டில் அது வராது, தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுக்க வேண்டும். நம் ஊர் லேப் ‘பேக்கேஜ்’களில் நான் அதைப் பெரும்பாலும் பார்த்ததில்லை. மனசைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று ஒவ்வொரு நோட்டிஃபிகேஷனுக்கும் திடுக்கிடும் வாழ்க்கையைப் பல பெண்கள் என் முன்னால் அழுதுகொண்டே விவரித்திருக்கிறார்கள்.

நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் உங்கள் உடம்புக்கான சில காரியங்கள் இருக்கின்றன. ஹெபடைடிஸ் பி, எச்பிவி தடுப்பூசிகள் போடாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள். எச்ஐவி பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம், தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். உங்கள் சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ம் வருட எச்ஐவி சட்டம் சொல்கிறது. எப்போதாவது ஆபத்தான தொடர்பு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் போனால் எச்ஐவி தடுப்பு மாத்திரை தருவார்கள், 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த 72 மணி நேரத்தை வெட்கத்தில் கழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் பதில்: வேண்டாம். இந்த ஏஜென்சியோடு நிச்சயமாக வேண்டாம். கடனுக்கு, பேங்க் கிளைக்கு நேரில் போய் தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்க எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் இன்னொரு பேங்குக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். வசூல் ஆட்கள் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படிக் கூப்பிட்டால் நேரத்தைக் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள்.

இப்போது அந்த இரண்டு படங்கள். ஏஜென்சியை உடனே பிளாக் செய்துவிடாதீர்கள். முதலில் முழு உரையாடலையும், அவர்களின் ஐடியையும், போன் நம்பரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ‘எனக்கு விருப்பமில்லை, படங்களை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப என் சம்மதம் இல்லை’ என்று எழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள். அந்த வரி முக்கியம். படம் எடுக்கச் சம்மதித்தாலும் பரப்பச் சம்மதிக்காவிட்டால் பரப்புவது குற்றம் என்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு விளக்கம் சொல்கிறது. ஆதார், பான் நகல் எதுவும் அனுப்பாதீர்கள். ‘ஆடிஷன்’ என்று இன்னொரு வீடியோ கேட்பார்கள், அதுதான் பெரும்பாலும் மிரட்டலுக்கான சரக்கு.

மிரட்டினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் தொகை ஏறிக்கொண்டே போகும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். பணம் பறித்திருந்தால் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு டிஜிட்டல் ரேகை எடுத்து, அதை மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குக் கொடுக்கும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. இன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோக்கள் பரவிய வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நீக்க நீக்க வேறு தளங்களில் முளைத்தன, ஆனாலும் நீதிமன்றம் விடவில்லை. அந்தப் பெண் தைரியமாகப் போய் நின்றதால் பின்னால் வருகிறவர்களுக்கும் ஒரு வழி கிடைத்திருக்கிறது.

தூக்கம் வராவிட்டால் 14416-ல் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி லைன் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் நம்பிக்கையான ஒரே ஒரு ஆளிடம், அறைத்தோழியோ அக்காவோ, இன்றிரவு சொல்லிவிடுங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்களின் ஒரு நகலும் அவரிடம் இருக்கட்டும்.