தாத்தாவின் வெப்லி: கம்பெனி அசலா, கைவேலையா?

கேள்வி: என் தாத்தா நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தார். 1958-லிருந்து அவர் லைசென்ஸில் ஒரு வெப்லி மார்க் 4 ரிவால்வர் இருந்தது. சென்ற ஆண்டு காலமானார். துப்பாக்கியை உடனே ஓர் ஆயுத வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டோம். லைசென்ஸ் புத்தகத்தில் '.32 வெப்லி ரிவால்வர்' என்று இருக்கிறது. பளபளவென்று நிக்கல் பூச்சு. ஆனால் உடம்பில் 'வார் ஃபினிஷ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. "இது .38 மிலிட்டரி துப்பாக்கி, யாரோ .32-ஆக மாற்றியிருக்கிறார்கள். பி.பி. கேஸ் ஆகிவிடும், பேசாமல் எனக்கே கொடுத்துவிடுங்கள்" என்று வியாபாரி அடிமாட்டு விலை கேட்கிறார். பழைய துப்பாக்கிகள் சேகரிக்கும் ஒருவரோ, கம்பெனியிலிருந்தே இப்படி வந்தது என்று எழுதிக் கொடுத்தால் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். இன்னொரு சிக்கல்: துப்பாக்கி எண்ணுக்கு முன்னால் உள்ள ஆங்கில எழுத்து லைசென்ஸில் இல்லை. வாரிசுகள் என் அப்பாவும் அத்தையும். நாங்கள் என்ன செய்வது?
— கோவை வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வியாபாரி அவற்றை வேண்டுமென்றே பின்னியிருக்கிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம். துப்பாக்கி கம்பெனி அசலா என்பது விலை பற்றிய கேள்வி. அதை வைத்திருக்கலாமா, விற்கலாமா என்பது சட்டக் கேள்வி. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் இரண்டாவதுக்கும் 'இல்லை' என்று ஆகிவிடாது.

பி.பி. என்று அவர் பயமுறுத்துவது புரோகிபிட்டட் போர், அதாவது தடை செய்யப்பட்ட காலிபர் (குழலின் துளை அளவு). ஆயுத விதிகள் 2016-இன் முதல் அட்டவணையில், .380 அல்லது .455 அளவில் அடியில் விளிம்புள்ள தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய ரிவால்வர்கள் இந்த வகையில் வருகின்றன. அவற்றுக்கு லைசென்ஸ் தரும் அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு மட்டுமே உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போன வெப்லி மார்க் 4, அந்த .380 தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது (வியாபாரி .38 என்று சொல்வது இதைத்தான்). அது வரைக்கும் வியாபாரி சொல்வது சரி. ஆனால் விதியின் வாசகத்தைக் கவனியுங்கள். எந்தத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியும் என்றுதான் அது பார்க்கிறது. எந்தக் காலிபரில் பிறந்தது என்று பார்க்கவில்லை. இன்று உங்கள் சிலிண்டரின் ஆறு அறைகளிலும் .32 தோட்டாதான் நுழையும், .380 நுழையவே நுழையாது என்றால், அது பி.பி. அல்ல என்று வாதிட உங்களுக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. வெப்லி நிறுவனமே மார்க் 4-ஐ .32 காலிபரிலும் செய்து விற்றது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே '.32 வெப்லி' என்ற பதிவு அப்படியே உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு.

அப்படியானால் 'வார் ஃபினிஷ்'? இரண்டாம் உலகப் போரில் அவசரமாக ரிவால்வர்கள் தேவைப்பட்டபோது, மெருகு வேலையைக் குறைத்து அனுப்பிய துப்பாக்கிகளில் வெப்லி கம்பெனி போட்ட முத்திரை அது. மெருகு போதவில்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாதென்று முன்கூட்டியே சொல்லிவைத்த மாதிரி. ஆகவே அந்த முத்திரையும் கண்ணாடி போன்ற நிக்கல் பூச்சும் ஒரே துப்பாக்கியில் இருந்தால், பூச்சு பின்னால் வந்தது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதாவது சேகரிப்பாளர் ஆசைப்படுகிற 'கம்பெனி அசல்' என்ற பட்டம் உங்கள் துப்பாக்கிக்குக் கிடைப்பது கஷ்டம் என்பதே என் கணிப்பு. ஆனால் நான் வக்கீல், துப்பாக்கி நிபுணன் இல்லை. கணிப்பை வைத்துக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நேரில் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். முதலில் குழலின் வாய். .38 குழலுக்குள் குழாய் செருகி .32-ஆக்கியிருந்தால், வாய்ப்பகுதியில் தலைமுடி போல ஒரு வளையக் கோடு தெரியும். சிலிண்டர் அறைகளின் வாயிலும் அதே கோட்டைத் தேடுங்கள். அப்புறம் குழலின் மேல்பட்டையின் பக்கவாட்டு. ராணுவ மார்க் 4-களில் அங்கே '.38 145/200' என்று பொறித்திருப்பார்கள். உங்களுடையதில் அந்த இடம் லேசாகப் பள்ளம் விழுந்து, சுற்றியுள்ள விளிம்புகள் மழுங்கியிருந்தால், தேய்த்து எடுத்த பிறகு பூச்சு ஏறியிருக்கிறது. பொறிப்பு எழுத்துகளின் அடிப்பள்ளத்திலும் நிக்கல் படிந்து எழுத்து ஆழம் குறைந்து தெரிகிறதா என்றும் பாருங்கள். அம்புக்குறி இருந்தால் அது ராணுவச் சொத்து என்பதற்கான அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தால் ராணுவம் முறைப்படி கழித்து விற்றது என்று பொருள். இருப்பின் நல்லது, துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானவை பர்மிங்ஹாம் சோதனை நிலையத்தின் கிரீட முத்திரைகள். குழலின் காலிபரை மாற்றினால் பிரிட்டனில் மறுபடி சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்கியாக வேண்டும். இந்த முத்திரைகளின் வடிவம் 1950-களின் நடுவில் மாறியது. உடம்பில் பழைய முத்திரை, .32 குழலில் புது முத்திரை என்றால், மாற்றம் இங்கிலாந்திலேயே முறையாக நடந்து, அதற்குப் பிறகு கப்பலேறியிருக்கிறது. .32 குழலிலும் சிலிண்டரிலும் முத்திரையே இல்லையென்றால் உள்ளூர்க் கைவேலை. கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வரும் வெப்லி மார்க் 4-இன் அமைப்பைத் தழுவியதுதான் என்பதால், பிற்காலத்தில் யாராவது உதிரிப் பாகம் மாற்றினார்களா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். எங்கெல்லாம் எண் பொறித்திருக்கிறதோ அங்கெல்லாம் அது ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

(இந்த மார்க் 4 ரகத்தின் மேல் ஒரு பழைய வழக்கும் உண்டு. தன் மார்க் 4-ஐப் பார்த்து அரசின் என்ஃபீல்டு தொழிற்சாலை ரிவால்வர் செய்துகொண்டது என்று வெப்லி நிறுவனம் 2,250 பவுண்டு கேட்டது. கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் கடைசியில் 1,250 பவுண்டு கொடுத்தது. எது அசல், எது நகல் என்ற சண்டை இதன் பிறப்பிலேயே இருக்கிறது.)

சரி, உள்ளூர்க் கைவேலை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது குற்றமா? இங்கேதான் உங்கள் தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் எந்தப் பூதக்கண்ணாடியையும்விடப் பெரிய சாட்சி. 1958-ஆம் ஆண்டுப் பதிவிலேயே '.32' என்று இருந்தால், மாற்றம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இன்றைய ஆயுதச் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதற்கான தடை 6-ஆம் பிரிவில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது 2019 திருத்தத்தில். செய்த காலத்தில் குற்றமாக இல்லாத ஒன்றுக்குப் பின்னால் வந்த சட்டத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்பது அரசியலமைப்பின் 20(1) பிரிவு. ஆகவே முதல் பதிவின் பக்கத்தைத் தேடி எடுங்கள். புத்தகம் பாதியில் மாற்றித் தரப்பட்டிருந்தால், பழைய பதிவேட்டின் நகலைக் கேட்டு நீலகிரி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போடுங்கள். தாத்தா வாங்கிய கடையின் பில் வீட்டில் எங்காவது கிடந்தால் அது தங்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதை உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

நான் கவலைப்படுவது ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைப் பற்றித்தான். துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதோ மாற்றுவதோ குற்றம். அழிந்த குறியோடு ஒரு துப்பாக்கி உங்கள் வசம் இருந்தால், வேறு விதமாக நிரூபிக்கும் வரை நீங்களே அழித்ததாகச் சட்டம் அனுமானிக்கும். நிக்கல் பூச்சில் எண் மங்கியிருக்கிறது, பட்டறையில் கொடுத்துத் தெளிவாக்கலாம் என்று யாராவது சொன்னால் காதிலேயே வாங்காதீர்கள். மங்கியது மங்கியபடி இருக்கட்டும். எண்ணின் முன்னெழுத்து லைசென்ஸில் விடுபட்டதற்கு மருந்து திருத்த மனு; துப்பாக்கியைத் தொடக் கூடாது. குமாஸ்தா எழுதும்போது விட்ட எழுத்து என்பது அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் விற்பனைக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாங்குகிறவரின் லைசென்ஸில் ஏற்றும்போது இரண்டு வெவ்வேறு துப்பாக்கிகள் என்ற கேள்வி வரும்.

பழைய துப்பாக்கி, கலைப்பொருள், லைசென்ஸே தேவையில்லை என்று ஆலோசனை சொல்லவும் ஒருவர் வருவார். 45-ஆம் பிரிவின் விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத வழக்கொழிந்த ஆயுதங்களுக்கு. உங்கள் வெப்லி சுடும். பேச்சு முடிந்தது.

வியாபாரி விஷயத்துக்கு வருவோம். ஒப்படைத்த துப்பாக்கிக்கு அவர் வெறும் காப்பாளர். ஒப்பந்தச் சட்டப்படி பத்திரமாக வைத்திருந்து அப்படியே திருப்பித் தர வேண்டியவர். உங்கள் ரசீதில் 'வெப்லி ரிவால்வர் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்றே போய் மாற்றி வாங்குங்கள். உடம்பு எண், குழல் எண், சிலிண்டர் எண், பூச்சு, பிடியின் தகடுகள், முத்திரைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவர் கண் முன்னாலேயே எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேகரிப்புத் துப்பாக்கிகளில் ஒரு சிலிண்டரோ பிடித் தகடோ மாறினாலே விலை சரியும். மாற்றியவர் யார் என்று பிற்பாடு நிரூபிப்பது பெரும்பாடு. துப்பாக்கியை நிபுணரிடம் காட்டுவதும் அங்கேயே நடக்கட்டும். உங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் அதற்கு லைசென்ஸ் இல்லை. காரில் வைத்து ஊர் சுற்றினால், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்காக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்பது இன்றைய நிலை. காலிபர் பற்றி அதிகாரிக்கே சந்தேகம் வந்தால், அவர் தடய அறிவியல் துறையின் கருத்தைக் கேட்கட்டும். அந்தக் கருத்து உங்களுக்குக் கேடயம்தான். ஒப்படைத்த ஆயுதத்தைக் கெடுவுக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ செய்யாவிட்டால், ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ் அரசு பறிமுதல் செய்யலாம். வியாபாரி பேரத்தை இழுத்துக்கொண்டே போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கெடுத் தேதியை எழுத்தில் கேளுங்கள்.

வைத்துக்கொள்வதானால், உங்கள் அப்பா வாரிசு என்ற முறையில் ஆயுத விதிகளின் விதி 25-இன் கீழ் விண்ணப்பிக்கலாம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும், அத்தையின் ஆட்சேபணையின்மை உறுதிமொழியும் வேண்டும். அப்பாவிடம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கிகள் இருந்தால் இது முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டுதான் உச்சம், குடும்பப் பாரம்பரியத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும். அத்தைக்கும் இதன் மதிப்பில் பங்குண்டு. வியாபாரியின் விலையை வைத்து அவருக்குக் கணக்குத் தீர்த்துவிட்டுச் சேகரிப்பாளருக்கு விற்றால், துப்பாக்கி வழக்கு போய்ச் சொத்து வழக்கு வரும்.

விற்பதானால், சேகரிப்பாளர் கேட்கிற அந்த ஒரு வரியை எழுதாதீர்கள். 'கம்பெனி அசல்' என்று நீங்கள் எழுதினால், 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி அது விவரணை. சரக்கு அதற்குப் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். நீங்கள் நல்லெண்ணத்தோடு நம்பி எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தில் அது தவறான கூற்றுதான். ஒப்பந்தத்தை ரத்து செய்ய அவருக்கு உரிமை வரும். தெரிந்தே எழுதினால் மோசடி. கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள்: இன்ன எண், இன்ன முத்திரைகள், உடம்பில் 'வார் ஃபினிஷ்' பொறிப்பு, நிக்கல் பூச்சு, லைசென்ஸில் 1958 முதல் .32 என்று பதிவு. பூச்சும் காலிபரும் தொழிற்சாலையில் அமைந்தவையா என்பது பற்றி விற்பவர் உறுதி எதுவும் தரவில்லை, வாங்குபவர் தன் நிபுணரை வைத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார் என்று ஒரு வரி சேருங்கள். அமெரிக்காவின் கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் போன்றவற்றுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய பதிவேட்டிலிருந்து கடிதம் தரும் ஏற்பாடு உண்டு. அப்படியொரு கடிதம் வேண்டுமென்று சேகரிப்பாளர் கேட்டால், அந்தச் செலவும் அலைச்சலும் அவருடையது. அந்த மாதிரிக் கடிதங்களும், துப்பாக்கி வெளியே போனபோது எப்படி இருந்தது என்று சொல்லுமே தவிர, இப்போது கையில் இருப்பது அதே நிலையில்தான் இருக்கிறதா என்று சொல்லாது.

தனியாரிடமிருந்து தனியாருக்கு விற்பனை என்றால் ஆயுதச் சட்டத்தின் 5(2) பிரிவையும் மறக்க வேண்டாம். வாங்குபவரின் விவரத்தோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ (பெரும்பாலும் ஆட்சியர்தான்) அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் கழித்துத்தான் கைமாற்ற முடியும். அவருடைய லைசென்ஸில் இந்தக் காலிபரும் காலி இடமும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு முன்பணம் வாங்குங்கள். இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான்: ரசீதை மாற்றி வாங்குவது, 1958 பதிவின் நகலுக்கு மனு போடுவது. அந்த நகல் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், திருத்த மனுவின் வாசகத்தை அதை வைத்து எழுதிக்கொள்ளலாம்.