நெருப்புக்கோழி இறகில் ஃப்ளை கட்டுவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: சார், தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி மீனுக்குப் பூச்சி போலக் காட்டும் ஃப்ளை கட்ட இப்போதுதான் பழகுகிறேன். கையில் மயிலிறகு நிறைய இருக்கிறது. அதே மாதிரி இருக்கும் நெருப்புக்கோழி இறகைத் தனியாக எதற்கு வாங்க வேண்டும்?

ப: மேசையில் வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும். மயிலிறகின் ஹெர்ல், அதாவது நடுத்தண்டிலிருந்து இரு பக்கமும் பிரியும் ஒற்றை இழை, அதன் பலமே மினுமினுப்புதான். ஓரத்து ரோமம் குட்டை, தண்ணீரில் பெரிதாக அசையாது. நெருப்புக்கோழி ஹெர்ல் மின்னாது. ஆனால் ரோமம் நீளம், அவ்வளவு மென்மை, தண்ணீர் லேசாக நகர்ந்தாலே கூடவே நகரும். பறக்கும் பறவையின் சிறகு இறகில் நுண்ணிய கொக்கிகள் இழைகளை ஒன்றோடொன்று பூட்டித் தகடு போல வைத்திருக்கும், காற்றைத் தள்ள அது வேண்டும். நெருப்புக்கோழி பறப்பதில்லை, அதன் இறகில் அந்தப் பூட்டும் இல்லை, அதனால்தான் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாக ஆடுகிறது.

இந்த அசைவு எங்கே தேவைப்படும் என்றால், மேஃப்ளை என்ற பூச்சியின் நிம்ஃப்பை, அதாவது தண்ணீரில் வாழும் அதன் இளம் பருவத்தை, கவனித்திருப்பீர்கள், வயிற்றின் இரு பக்கமும் வரிசையாகச் செவுள்கள் துடித்துக்கொண்டே இருக்கும். அதைக் காட்ட சாம்பல் நிற நெருப்புக்கோழி ஹெர்லை விட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. கைரோனமிட் என்ற சின்னப் பூச்சியின் ப்யூப்பா, அதாவது கூட்டுப்புழு, அதன் தலையில் இருக்கும் வெள்ளைக் குஞ்சத்துக்கும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள், ஒரு வெள்ளை ஹெர்லை இரண்டு சுற்று சுற்றினால் போதும். மினுமினுப்பு வேண்டுமென்றால் மயில், உயிரோட்டம் வேண்டுமென்றால் நெருப்புக்கோழி. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அழகாகக் கட்டுகிறேன், ஆனால் ஒன்றிரண்டு ட்ரவுட் மீன் கடித்ததுமே ஹெர்ல் அறுந்து மொத்தமும் பிரிந்துவிடுகிறது. நூல் சரியில்லையா?

ப: நூல்மேல் பழி போடாதீர்கள். ஹெர்லின் தண்டு மிக மெல்லியது, ட்ரவுட்டின் பல் பட்டால் ஒரே இழுப்பில் போய்விடும், ஓர் இடத்தில் அறுந்தால் போதும், மீதிச் சுற்றெல்லாம் தானாகக் கழன்றுவிடும். அதனால் அந்தத் தண்டைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் காப்பாற்றுகிறேன் என்று ரோமத்தை நசுக்கிவிடவும் கூடாது.

முதலில் நுனி. ஹெர்லின் நுனிப் பக்கம் தண்டு தலைமுடியை விட மெல்லியதாக இருக்கும், அதைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். வெட்டிய நுனியை முள்ளின் வளைவுப் பக்கம் கட்டி, அங்கிருந்து கண், அதாவது தூண்டில் நூல் கட்டும் ஓட்டை, இருக்கும் பக்கம் சுற்றிக்கொண்டு வாருங்கள். முன்னேற முன்னேறத் தண்டும் தடிக்கும், ரோமமும் பெரும்பாலும் நீளும், வால் பக்கம் ஒல்லியாகவும் மார்புப் பக்கம் பருமனாகவும் உடம்பு தானே அமைந்துவிடும்.

அடுத்தது திசை. ஹெர்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உற்றுப் பார்த்தால் தண்டு உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் தட்டையாக இருப்பதும், ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதும் தெரியும். அரைச் சுற்று சுற்றி நிறுத்திப் பாருங்கள். ரோமம் வால் பக்கம் சாய்ந்து நின்றால் சரி. கண் பக்கம் சாய்ந்தால் அடுத்த சுற்று அதன் மேலேயே ஏறி அமுக்கிவிடும், அவிழ்த்துத் திருப்பிக் கட்டுங்கள். இதற்கு நேரம் ஆகிறதே என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஃப்ளை சப்பையாகத் தெரிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இனி கம்பி. மெல்லிய செம்புக் கம்பியை ஹெர்ல் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஒரே திசையில் சுற்றினால் கம்பி இரண்டு சுற்றுக்கு நடுவே விழுந்து ஒளிந்துகொள்ளும், எதையும் பிடிக்காது. எதிர்த்திசையில் போனால் ஒவ்வொரு சுற்றின் தண்டையும் குறுக்கே கடந்து அழுத்திப் பிடிக்கும், பிறகு ஓரிடத்தில் அறுந்தாலும் மீதி அசையாது. கம்பியை இழுக்கும்போது இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே சுற்றுங்கள், ரோமங்களுக்கு நடுவே புகுந்து தண்டில் போய் உட்காரும். அப்படியும் சில ரோமம் மாட்டிக்கொள்ளும், முடித்த பிறகு ஊசி நுனியால் கிளப்பிவிடுங்கள்.

கம்பி வேண்டாம் என்றால் ஹெர்லை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றலாம். பலம் உண்டு, ஆனால் ரோமம் நாலா பக்கமும் விறைத்து நின்று உடம்பு தடித்துவிடும், கேடிஸ் என்ற பூச்சியின் ப்யூப்பாவின் தலைக்குச் சரிவரும், ஒல்லியான நிம்ஃப்புக்கு வராது. அளவுக்கு மீறி முறுக்கினால் தண்டு உங்கள் கையிலேயே அறுந்துவிடும். நூல் அடித்தளத்தில் வார்னிஷ் தடவிச் சுற்றும் வழக்கமும் இருக்கிறது. வார்னிஷ் ஈரமாக இருக்கும்போது சுற்றினால் ரோமம் ஒட்டிப் பாழாகும், கொஞ்சம் பிசுபிசுப்பாகும் வரை பொறுங்கள். என்னைக் கேட்டால் நிம்ஃப்புக்குக் கம்பிதான்.

கே: சால்மன் மீனுக்கான பழைய ஃப்ளைகளின் வால் ஓரத்தில் கறுப்பாக ஒரு வளையம் இருக்கிறதே, அதுவும் இதே இறகா?

ப: ஆமாம். ஜாக் ஸ்காட், கிரீன் ஹைலாண்டர் என்ற இரண்டு ஃப்ளைகளிலும் வாலுக்கு முன்னால் கறுப்பு ஹெர்ல் வளையம் வரும். வால் கட்டிய இடத்து நூலை அது மறைத்துவிடும். இரண்டு மூன்று சுற்று, நெருக்கமாக. அதற்கு மேல் போனால் பார்வைக்குக் கனத்துவிடும்.

கே: தூசி தட்டும் இறகுத் துடைப்பான் ஒன்று பழையது இருக்கிறது. அதைப் பிரித்து ஃப்ளை கட்டலாமா? வேறு நிறம் வேண்டுமென்றால் வீட்டிலேயே சாயம் ஏறுமா?

ப: தாராளமாக. அந்தத் துடைப்பான்களில் பல நெருப்புக்கோழி இறகில் செய்தவைதான், சின்ன முள்ளுக்குத் தேவையான குட்டை ரோம ஹெர்ல் அதில் நிறையக் கிடைக்கும். ஒரு ஹெர்லை உருவி மெதுவாக வளைத்துப் பாருங்கள், பட்டென்று ஒடிந்தால் காய்ந்துபோன இறகு, விட்டுவிடுங்கள். நல்லதாக இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, பையில் மூடி சில நாள் ஃப்ரீசரில் வையுங்கள். இறகு தின்னும் அந்துப்பூச்சியோ வண்டோ ஒன்று உள்ளே வந்தாலும் உங்கள் மொத்தச் சேமிப்பும் போய்விடும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மடங்கிக் கசங்கிய இறகுக்குக் கெட்டில் ஆவி காட்டினால் நிமிர்ந்துவிடும்.

சாயம் ஏற வெள்ளை இறகு வேண்டும். ஆண் பறவையின் சிறகிலும் வாலிலும் வெள்ளை இருக்கும், உடம்பு கறுப்பு, பெண் பறவை சாம்பல் பழுப்பு. கம்பளிக்குப் போடும் ஆசிட் சாயத்தில் கொஞ்சம் வினிகர் சேர்த்து, சூடான ஆனால் கொதிக்காத தண்ணீரில் முக்குங்கள். எண்ணெய்ப் பசை போகக் கழுவாமல் முக்கினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்தால் வெளிறும், அதை மனதில் வைத்து ஒரு படி அதிகமாகவே ஏற்றுங்கள்.

கே: இறகுக்காகப் பறவையைக் கொல்கிறார்களா? அது தெரியாமல் வாங்க மனம் வரவில்லை.

ப: கேட்க வேண்டிய கேள்வி. வணிகத்துக்கு வரும் இறகு பெரும்பாலும் பண்ணைப் பறவையுடையது. தென்னாப்பிரிக்காவின் ஔட்ஸ்ஹோர்ன் வட்டாரம் தொப்பி அலங்காரத்துக்கான இறகு விற்றே செல்வம் குவித்தது, 1914-ல் போர் வந்து, நாகரிகமும் மாறி, சந்தை சரிந்தது. முழுதாக வளர்ந்து முதிர்ந்த இறகின் தண்டில் ரத்த ஓட்டம் நின்றிருக்கும், அதைத் தோலுக்கு மேலே வெட்டி எடுப்பது நகம் வெட்டுவது போல, வலிக்காது. முதிராத இறகைப் பிடுங்கினால் கட்டாயம் வலிக்கும், அது கொடுமை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இப்போது இந்தப் பறவையை முக்கியமாக இறைச்சிக்கும் தோலுக்கும்தான் வளர்க்கிறார்கள், அறுத்த பறவையின் இறகும் சந்தைக்கு வருகிறது. விற்பவரிடம் எந்தப் பண்ணை, எப்படி எடுத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு ஆளிடம் வாங்குங்கள்.

கே: ஸ்டீல்ஹெட் மீனுக்கு இன்ட்ரூடர் என்ற பெரிய ஃப்ளை கட்டுகிறேன். நீள ஹெர்ல் தண்ணீரில் முள்ளோடு ஒட்டிப் படுத்துவிடுகிறது.

ப: அடியில் தாங்கல் இல்லை. ஹெர்ல் கட்டும் இடத்துக்குப் பின்னால் டப்பிங்கை, அதாவது நூலில் முறுக்கும் பஞ்சு போன்ற ரோமத்தை, உருண்டையாகத் திரட்டி வையுங்கள், அல்லது கொஞ்சம் விறைப்பான முடியை வட்டமாகக் கட்டுங்கள், ஹெர்ல் அதன்மேல் சாய்ந்து விரிந்து நிற்கும். ஹெர்லை ஒரே கொத்தாக அமுக்கிக் கட்டாமல் இரண்டிரண்டாகச் சுற்றிவரப் பரப்பிக் கட்டுங்கள், நீளமும் ஒரே அளவாக இருக்க வேண்டாம். ஒல்லியாகத் தெரிகிறதே என்று மேலும் மேலும் சேர்த்தால் நனைந்து கனத்து மறுபடியும் படுத்துக்கொள்ளும்.