பயணத்துக்கு எடை குறைந்த மிரர்லெஸ் கேமரா: கேள்வி பதில்

வெளிநாட்டுப் பயணத்துக்கு மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமரா வாங்குபவர்களின் கேள்விகள் இவை. நான் சொல்லும் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) எடை எல்லாமே பேட்டரியும் கார்டும் சேர்த்து. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் அதை எழுதவில்லை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாடியை மட்டும் நிறுக்காதீர்கள், லென்ஸோடு சேர்த்து நிறுங்கள். மொத்தம் ஒரு கிலோவைத் தாண்டினால் நாலாம் நாள் கேமரா ஹோட்டல் அறையிலேயே தங்கிவிடும்.

கேள்வி (கோவை): சார், குடும்பத்தோடு மூன்று வாரம் ஜப்பான் போகிறோம். இதுதான் முதல் மிரர்லெஸ். கேனன் ஆர்50 வாங்கலாமா, ஃபூஜி எக்ஸ்-எம்5 வாங்கலாமா? இரவில் தெருக்களை நிறைய எடுக்க ஆசை.

பதில்: ஆர்50 375 கிராம், எக்ஸ்-எம்5 355 கிராம். இந்த 20 கிராமை வைத்து முடிவெடுக்க வேண்டாம். எக்ஸ்-எம்5இல் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) கிடையாது. நடுப்பகல் வெயிலில் பின்திரை சரியாகத் தெரியாது, குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும். முதல் கேமரா என்பதால் ஆர்50 பக்கம் சாய்கிறேன்.

இனி லென்ஸ். ஆர்50உடன் வரும் 18-45 மி.மீ. கிட் லென்ஸ் 130 கிராம்தான். பகலுக்குக் குறையே இல்லை. ஆனால் அதன் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துவாரம், எஃப் எண் கூடக் கூட ஒளி குறையும்) எஃப்/4.5இல் தொடங்கி, ஸூம் செய்தால் எஃப்/6.3 வரை போய்விடும். டோக்கியோ ஷின்ஜுகுவின் ஒமோய்தே யோகோச்சோ மாதிரி ஒரு குறுகிய சந்தில் நடக்கிற ஆட்களை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்குக் கீழே போனால் ஆள் கலங்கிவிடுவார். எஃப்/2.8இல் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 போதுமான வெளிச்சத்தில், எஃப்/6.3இல் ஏறக்குறைய 16,000 கேட்கும். முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

கேனனின் ஆர்எஃப் மவுன்ட்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்) சிக்மா 18-50 எஃப்/2.8 இருக்கிறது, 300 கிராம். பாடியோடு சேர்த்தால் 675 கிராம். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆர்50 பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) இல்லை, சிக்மாவிலும் இல்லை. கிட் லென்ஸில் இருக்கிறது. அசையாத கோயில் மண்டபத்தை இருட்டில் கையில் பிடித்து எடுக்கக் கிட் லென்ஸ் கைகொடுக்கும். ஆட்களை எடுக்க சிக்மாதான். உங்கள் ஆசை தெரு என்பதால் சிக்மா. கிட் லென்ஸோடு செட்டாக வாங்கி, இரண்டையும் கொண்டுபோனாலும் 805 கிராம்தான்.

கிளம்பும் வாரத்தில் வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்னால் வாங்கி, மெனுவைப் பார்க்காமல் ஐஎஸ்ஓவும் ஃபோகஸ் புள்ளியும் மாற்றக் கை பழகியிருக்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): என்னிடம் சோனி ஏ6400 இருக்கிறது. இரண்டு மாதம் ஐரோப்பா. ஏ6700க்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். ஏ6400 403 கிராம், ஏ6700 493. பாடி ஸ்டெபிலைசேஷனும் பெரிய பேட்டரியும் கிடைக்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் 16-50 கிட் லென்ஸோடு ஏ6700 வாங்கினால் படத்தில் பெரிய மாற்றம் தெரியாது. அதே பணத்தில் சின்னப் பங்கை லென்ஸில் போடுங்கள்: சிக்மா 18-50 எஃப்/2.8, சுமார் 290 கிராம். டாம்ரான் 17-70 எஃப்/2.8இல் ஸ்டெபிலைசேஷன் உண்டு, ஆனால் 525 கிராம். நாள் முழுக்க நடப்பவருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

உங்கள் எஃப்டபிள்யூ50 பேட்டரி சின்னது. வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் 360 படம் என்று கணக்கு. குளிரில் அதுவும் வராது. மொத்தம் மூன்று பேட்டரி வையுங்கள். தேவாலயங்களில் ட்ரைபாட் பெரும்பாலும் விடமாட்டார்கள், வாட்டிகனின் சிஸ்டைன் சேப்பலில் படம் எடுக்கவே அனுமதி இல்லை. ட்ரைபாடை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (மதுரை): எந்தக் கம்பெனி பெஸ்ட்?

பதில்: எங்கே போகிறீர்கள், எதை எடுப்பீர்கள், எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று எழுதுங்கள். அது தெரியாமல் பதில் இல்லை.

கேள்வி (சிங்கப்பூர்): எல்லாருக்கும் சின்ன சென்சாரையே (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) சொல்கிறீர்கள். சோனி ஏ7சி 2இல் இருப்பது பெரிய சென்சார், அதாவது முழு ஃபிரேம், 514 கிராம். 28-60 லென்ஸ் 167 கிராம். மொத்தம் 681. உங்கள் ஆர்50-சிக்மா ஜோடியின் எடைதான். பிறகு ஏன் அந்தச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார்?

பதில்: கணக்கு சரி. ஆனால் 28-60இன் அப்பர்ச்சர் எஃப்/4 முதல் 5.6 வரை. ஏபிஎஸ்-சியில் எஃப்/2.8 என்பது, சென்சாரில் விழும் மொத்த ஒளியிலும் பின்னணி மங்கலிலும், முழு ஃபிரேமின் எஃப்/4.2க்கு அருகில் நிற்கும், கேனனில் எஃப்/4.5. ஆக, அகலக் கோணத்தில் இரண்டும் சமம், ஸூம் செய்தால் சிக்மா கொஞ்சம் முன்னால். பெரிய சென்சாருக்குக் கொடுத்த பணம் இந்தச் சின்ன லென்ஸில் கரைந்துவிடுகிறது.

கேள்வி (அதே சிங்கப்பூர் அன்பர்): அப்படியானால் டாம்ரான் 28-200 எஃப்/2.8-5.6 போடுகிறேன். ஒரே லென்ஸ், எல்லாத் தூரமும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நல்ல வாதம், நல்ல லென்ஸ். நிறுத்துப் பார்ப்போம். டாம்ரான் 575, பாடி 514, ஆக 1,089 கிராம். இன்னும் சின்ன சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில், ஓஎம் சிஸ்டம் கம்பெனியின் ஓஎம்-5 414 கிராம், 14-150 லென்ஸ் 285 கிராம், ஆக 699. அந்த 14-150 உங்கள் முழு ஃபிரேம் கணக்கில் 28-300. 390 கிராம் குறைவு, எட்டும் தூரம் அதிகம்.

விட்டுக்கொடுப்பதும் இருக்கிறது, மறைக்கவில்லை. 14-150இன் எஃப்/4-5.6 முழு ஃபிரேம் கணக்கில் எஃப்/8-11. மாலை ஆறு மணிக்கு மேல் ஆட்களை எடுப்பதில் ஏ7சி 2 தெளிவாக முந்தும். அசையாத பொருளென்றால் ஓஎம்-5இன் ஸ்டெபிலைசேஷன் அரை வினாடி வரை கையில் தாங்கிக் கொடுக்கும், அங்கே இடைவெளி குறையும். இருட்டியபின் 17 எஃப்/1.8 மாட்டிக்கொள்ளலாம், அது 120 கிராம்தான். சேர்த்தாலும் 819.

எந்த சென்சார் உயர்ந்தது என்பதல்ல இங்கே கேள்வி. ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து பகலில் நிலக்காட்சி எடுப்பவருக்கு ஓஎம்-5. காரில் போய், இரவு விருந்தில் குடும்பத்தை எடுப்பவருக்கு ஏ7சி 2. நீங்கள் இரண்டாமவர் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி (டொரோன்டோ): அண்ணா, ஐஸ்லாந்து போறம். ஓஎம்-5 மழைக்குத் தாங்குமோ?

பதில்: பாடிக்கு ஐபி53 தரம் உண்டு, தூசியும் தூறலும் தாங்கும். ஆனால் லென்ஸும் அப்படிப்பட்டதாக இருந்தால்தான். 14-150 இரண்டாம் பதிப்பு தூறலைத் தாங்கும். 190 கிராம் 40-150 ஆர் லென்ஸில் அந்தக் காப்பு இல்லை. அதை மாட்டினால் மவுன்ட் வழியாகவே தண்ணீர் இறங்கும். அருவிச் சாரலில் லென்ஸ் மாற்றாதீர்கள், மிரர்லெஸில் சென்சார் திறந்தே இருக்கும்.

மழையைவிட வியர்ப்புதான் ஆபத்து. குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்ததும் கேமராவின் உள்ளேயும் நீர் கோர்க்கும். வெளியே நிற்கும்போதே கார்டைக் கழற்றிக்கொண்டு, கேமராவை ஜிப்லாக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். உள்ளே போய் ஒன்றிரண்டு மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். நீர் பையின் வெளிப்பக்கம் கோர்த்து அங்கேயே காய்ந்துவிடும். மாற்று பேட்டரிகள் கோட்டின் உள்பையில் இருக்கட்டும்.

வாங்கும்போது 2025இல் வந்த ஓஎம்-5 மார்க் 2 கிடைத்தால் அதை எடுங்கள், 418 கிராம். பழையதில் மைக்ரோ யூஎஸ்பி, இதில் யூஎஸ்பி-சி. ஒரு கேபிள் குறையும்.

கேள்வி (சேலம்): ஒரு லட்சத்துக்குள் எது பெஸ்ட்?

பதில்: மதுரைக்காரருக்குச் சொன்னதேதான். லென்ஸையும் அதே பட்ஜெட்டுக்குள் வைத்து யோசியுங்கள்.

கேள்வி (சென்னை): பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் செக்-இன் பெட்டியில் வைக்கலாமா?

பதில்: கூடாது. மாற்று லித்தியம் பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில் மட்டும்தான். முனைகளில் டேப் ஒட்டுங்கள், அல்லது பிளாஸ்டிக் டப்பியில் வையுங்கள். பொதுவான வரம்பு 100 வாட்-அவர். எம்ஏஎச் எண்ணை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர் வரும்: 20,000 என்றால் 74. எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க்தான், விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (சீனாவின் பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர் பேங்க்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

கேள்வி (ஈரோடு): ஜப்பானிலேயே கேமரா வாங்கினால் மலிவாமே?

பதில்: சோனியின் ஜப்பான் மாடல்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது. அங்கத்திய உத்தரவாதமும் பொதுவாக இங்கே செல்லாது. முக்கியமாக, போன இடத்தில் வாங்கினால் பழக நேரம் ஏது? முன்பே சொன்னேன், ஒரு மாதம் முன்னால்.

கேள்வி (பெங்களூரு): இரவுக் கடைகளில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக வருகிறது. கேமரா பழுதா?

பதில்: பழுது இல்லை. சைலன்ட் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்குப் போங்கள். மின்விளக்கு துடிப்பதை எலக்ட்ரானிக் ஷட்டர் வரிவரியாகப் பதிவு செய்வதால் வருவது அது. 50 ஹெர்ட்ஸ் ஊரில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் ஊரில் 1/60 அல்லது 1/125 வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஜப்பான் போகிறவர்கள் கவனிக்க: டோக்கியோ 50, ஒசாகாவும் கியோத்தோவும் 60. எல்ஈடி பலகைகள் சில வேறு வேகத்தில் துடிக்கும், அங்கே இந்த எண்கள் பலிக்காது. எடை குறைவு என்று சோனி இசட்வி-இ10 மார்க் 2 பக்கம் போகிறவர்களுக்கு: அதில் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை.

கேள்வி (வேலூர்): ட்ரோன் எது வாங்கலாம்?

பதில்: என் துறை இல்லை. போகிற நாட்டின் அனுமதி விதிகளை அந்த நாட்டு விமானத் துறையின் தளத்தில் பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): இங்கே வாங்கிய கேமராவுக்குத் திரும்பி வரும்போது சுங்க வரி கேட்பார்களா?

பதில்: புதிதாகத் தெரிந்தால் கேட்க வாய்ப்புண்டு. பில் நகலைக் கைபேசியில் வையுங்கள். விலை அதிகமான செட் என்றால், கிளம்பும் அன்றே விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பொருளை நேரில் காட்ட வேண்டும் என்பதால் பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே போங்கள்.