நேர்சரியில விளையாடிட்டு மட்டும் வந்தா பிள்ளை என்னத்தப் படிக்கும்?

நாலு வயசு மகள் வெள்ளவத்தையில நேர்சரிக்குப் போய் மண்ணுலயும் பிளாக்குலயும் விளையாடிட்டுத்தான் வாறா, ஒரு எழுத்தும் எழுதேல்ல எண்டு கேட்டிருந்தீங்க. பயப்பிடாதீங்க, அந்த வயசில அதுதான் படிப்பு. என்ர வகுப்பில போன கிழமை ஒரு தம்பி யோகட் கப்பால தண்ணிய அள்ளி அள்ளிப் போத்தலுக்க ஊத்தி, நிரம்ப ஆறு கப் வேணும் எண்டு தானே எண்ணிக் கண்டுபிடிச்சு, பக்கத்தில நிண்ட பிள்ளைக்கும் விளங்கப்படுத்தினான், ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல. களிமண் உருட்டேக்க விரலுக்குப் பலம் வருது, பென்சில் பிடிக்க அதுதான் வேணும். கையால தொட்டுச் செய்து படிக்கிறது நமக்குப் புதுசில்ல, இப்பிடிப் படிப்பிக்கிற மொண்டிசோரி முறையை உருவாக்கின மரியா மொண்டிசோரியே 1944ல இலங்கைக்கு வந்து பயிற்சி குடுத்தவ. மகள் நீலத்தில மரம் கீறினா திருத்தாதீங்க, என்ன மரம் எண்டு கேளுங்க, பெரிய கதையே சொல்லுவா.