வாசகர் கேள்வி – பதில்: மண்டபச் சாவியும் நெகேமியாவின் மதிலும்

கேள்வி: எங்கள் கடற்கரை ஊரில் பையன்கள் பலர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வள்ளத்துக்குப் போய்விடுகிறார்கள் என்ற கவலையால், பங்குத்தந்தையின் அனுமதியோடு பங்கு மண்டபத்தில் மாலை வகுப்பு தொடங்கினேன். அடுத்த தேர்தலுக்கு நான் ஆள் சேர்ப்பதாகப் பங்கு நிர்வாகத்தைக் கவனிக்கும் பேரவையில் சிலர் பேசி, மண்டபச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கடவுளுக்குச் சித்தமில்லாததால்தான் இத்தனை தடை என்று என் அன்பியத்திலேயே (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழுவிலேயே) சொல்கிறார்கள். அவர் திட்டத்தை நம்பிப் பேசாமல் இருப்பதா, விட்டுவிடுவதா?
– குளச்சல் அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, துன்பத்தைக் கண்டவுடன் அதற்குக் கடவுளின் பெயரால் காரணம் கற்பிப்பது, விவிலியத்தின் யோபு நூலில் துன்புற்ற நேர்மையாளரான யோபுவின் நண்பர்கள் செய்த வேலை, அவர்கள் பேசியது சரியல்ல என்று கடவுளே அந்நூலின் முடிவில் கடிந்துகொள்கிறார். 1741-இல் உங்கள் குளச்சலில் நடந்த போருக்குப் பின் திருவிதாங்கூர் மன்னரின் பணியில் சேர்ந்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளைக்கு இந்த யோபுவின் வரலாற்றைத்தான் எடுத்துச் சொன்னார் என்பது நம் மாவட்டத்தில் வழிவழியாக வரும் செய்தி. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன அவர், 1749-இல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வந்த தடை அவர் உயிரோடு இருந்தவரை நீங்கவே இல்லை. அதனால் அவர் கடவுளின் சித்தத்துக்கு வெளியே இருந்தார் என்று, 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்த திருஅவையில் யார் சொல்ல முடியும்?

ஆயினும், தடை வருவதாலேயே நம் பக்கம் சரி என்றும் ஆகிவிடாது. உங்களை எதிர்ப்பவர்கள் மறைச்சாட்சியைக் கொன்றவர்கள் அல்லர். ஞாயிறுதோறும் உங்களோடு ஒரே பலிபீடத்தின் முன் முழந்தாளிடுபவர்கள். அவர்களைப் பகைவராக எண்ணிக்கொண்டு செபிக்கத் தொடங்கினால், செபமே வழக்காடலாக மாறிவிடும்.

உங்கள் நிலைக்கு மிக நெருங்கி வருபவர், பாரசீக அரசனின் அனுமதியோடு இடிந்த எருசலேமைக் கட்ட வந்த விவிலியத் தலைவர் நெகேமியா. எருசலேம் மதிலை அவர் கட்டிக்கொண்டிருந்தபோது, அரசனுக்கு எதிராகக் கலகம் செய்து தாமே அரசனாகப் பார்க்கிறார் என்று அவருடைய எதிரி சன்பலாற்று புரளி கிளப்பினான். உங்களைப் பற்றிய தேர்தல் பேச்சும் அதே வகைதான். நெகேமியா கடவுளிடம் மன்றாடினார், அதோடு இரவும் பகலும் காவலும் வைத்தார். அந்தக் காவல் நம்பிக்கைக் குறைவு அன்று; கடவுளை நம்பியதனால்தான் அவர் வேலையை நிறுத்தாமல் 52 நாள்களில் மதிலை முடித்தார். இதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது நெகேமியா நூலின் 5-ஆம் அதிகாரம். வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று அவருடைய சொந்த மக்களே கதறியபோது, 'நான் கடவுளின் வேலையைச் செய்கிறேன், குறுக்கே வராதீர்கள்' என்று அவர் சொல்லவில்லை. வேலையின் நடுவிலேயே மக்கள் சபையைக் கூட்டி, வட்டி வாங்கியவர்களைக் கண்டித்து, அடகுப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். புரளிக்கு அவர் இறங்கிவரவில்லை, முறையீட்டுக்கு உடனே செவிகொடுத்தார்.

நீங்களும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். பெண்பிள்ளைகள் இருட்டிய பிறகு தனியே வீடு திரும்புகிறார்களா, யாரிடமாவது பணம் வாங்கியிருந்தால் கணக்கு எழுதியிருக்கிறீர்களா, பேரவையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினீர்களா என்ற கேள்விகளில் ஒன்றில் உண்மை இருந்தாலும் அதை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு பங்குத்தந்தையைச் சந்தித்து, வகுப்பு நேரத்தையும் கணக்கையும் எழுத்தில் கொடுத்து, பேரவைக் கூட்டத்தில் நேரில் விளக்க வாய்ப்புக் கேளுங்கள். தேர்தலில் நிற்கும் எண்ணம் இல்லையென்றால் அதையும் அங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மண்டபம் கிடைக்கும்வரை, பெற்றோரின் சம்மதத்தோடு ஒரு வீட்டுத் திண்ணையிலாவது வகுப்பைத் தொடருங்கள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளைச் சாவிக்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம்.