வாங்குவோர் கேள்வி-பதில்: ஹோஸ்டிங் தொழிலும் பில்லிங் மென்பொருளும்

இணையத்தள ஹோஸ்டிங் தொழில் (பிறருடைய தளங்களைச் சர்வரில் வைத்து ஓட்டித் தருவது) செய்பவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை முழுவதும் அவர்களுக்கும், அவர்களிடம் சேவை வாங்கியவர்களுக்கும்தான். கடிதங்களைச் சுருக்கி, பெயரை நீக்கி, ஊரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

ரீசெல்லர் ஹோஸ்டிங் (பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்பது) எடுத்துத் தொழில் தொடங்கியிருக்கிறேன். இப்போது 14 வாடிக்கையாளர்கள். டபிள்யூஎச்எம்சிஎஸ் வாங்கலாமா, பிளெஸ்டா வாங்கலாமா? (ஈரோடு)

ஹோஸ்டிங்காரர்களுக்கான இந்த பில்லிங் மென்பொருள்கள் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். 14 பேருக்கு பில் போட ஜோஹோ இன்வாய்ஸ் போதும். அது இலவசம், ஜிஎஸ்டி பில் போடும், நினைவூட்டலும் அனுப்பும். காலாவதித் தேதிகளை ஓர் எக்செல் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்தவுடன் கணக்கு தானாகத் திறக்க வேண்டும், கட்டாதவர் கணக்கு தானாக நிற்க வேண்டும் என்ற தேவை வரும்போதுதான் ஹோஸ்டிங்குக்கென்றே செய்த மென்பொருள் வேண்டும். இரவில் பணம் கட்டிய ஒருவர், நீங்கள் காலையில் எழுந்து கணக்குத் திறப்பதற்குள் வேறு இடம் போய்விட்டார் என்றால் மறுபடி எழுதுங்கள். அதற்குமுன் உங்கள் ரீசெல்லர் திட்டத்திலேயே பில்லிங் மென்பொருள் உரிமம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் சேர்த்தே கொடுக்கின்றன. இருப்பதையே மறுபடி காசு கொடுத்து வாங்கியவர்களின் கடிதங்களும் எனக்கு வருகின்றன.

எங்களிடம் சுமார் 400 வாடிக்கையாளர்கள். டபிள்யூஎச்எம்சிஎஸ் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. மாறிவிடலாமா? எதற்கு மாறுவது? (கோயம்புத்தூர்)

அந்த 400 பேரும் உண்மையில் உங்களிடம் சேவை வைத்திருப்பவர்கள்தானா என்று முதலில் பாருங்கள். இந்த மென்பொருளின் உரிமக் கட்டணம் ‘ஆக்டிவ்’ நிலையில் உள்ள வாடிக்கையாளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 250 வரை ஒரு படி, 500 வரை அடுத்தது, 1000 வரை அதற்கும் அடுத்தது. என்றோ சேவையை நிறுத்திவிட்டுப் போனவர்களும் பட்டியலில் ஆக்டிவ் என்றே கிடக்கலாம். சேவை எதுவும் இல்லாதவரின் நிலையைத் தானாக மாற்றும் வசதி ஆட்டோமேஷன் அமைப்புகளில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள். 250க்குள் வந்துவிட்டால் ஒரு படி இறங்கலாம், மாறும் தொல்லையே இல்லை.

உங்கள் கோபம் நியாயமானது. 2019இல், சர்வரை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பேனல் மென்பொருளான சிபேனல், ஒரு சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த கட்டணத்தை அந்தச் சர்வரில் எத்தனை கணக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்து என்று மாற்றியது. டபிள்யூஎச்எம்சிஎஸ்ஸும் தலைக்கணக்குக்கு வந்தது. இன்று சிபேனல், அதைப் போன்ற பிளெஸ்க், டபிள்யூஎச்எம்சிஎஸ் மூன்றும் வெப்ப்ரோஸ் என்ற ஒரே குழுமத்திடம் இருக்கின்றன. கன்ட்ரோல் பேனலும் பில்லிங்கும் ஒரே கையில் இருக்கும்போது, சிறிய ஹோஸ்டிங்காரர் விலை பேச இடமே இல்லை.

மாறுவதென்றால் உங்கள் அளவுக்கு முதலில் பிளெஸ்டாவைப் பாருங்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. நிரலில் சில கோப்புகள் தவிர மற்றவை திறந்தே இருப்பதால் பிஎச்பி என்ற நிரல்மொழி தெரிந்த ஒருவரை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். டபிள்யூஎச்எம்சிஎஸ்ஸிலிருந்து தகவலை இறக்கிக்கொள்ளும் கருவியும் உண்டு. ஹோஸ்ட்பில் வசதி மிகுந்தது, விலையும் அப்படியே. ஃபாஸ்பில்லிங், பழைய பாக்ஸ்பில்லிங்கிலிருந்து கிளைத்த இலவச, திறந்த மூல மென்பொருள். இன்னும் வளர்ச்சி நிலையில் இருக்கிறது என்று அதைச் செய்பவர்களே எச்சரிக்கிறார்கள். 400 பேருடைய பணக் கணக்கை அதில் வைக்க நான் சொல்லமாட்டேன்.

எதை எடுத்தாலும் உங்கள் டொமைன் பதிவாளருக்கும் (டொமைன் பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) பேமென்ட் கேட்வேக்கும் (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) அதில் இணைப்பு மாட்யூல் இருக்கிறதா, அதை எழுதியவர் யார், கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று பாருங்கள். மென்பொருள் நிறுவனம் எழுதியது ஒரு ரகம். யாரோ எழுதிப் போட்டுவிட்டுப் போனது இன்னொரு ரகம், அதை நம்பிக் காசு வாங்க முடியாது. தகவலின் நகலைப் புதியதில் ஏற்றி, ஒரு மாதக் கடைசி முழுவதும் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் பில் தொகை ஒன்றாக வந்த பிறகு மாறுங்கள். சோதனைக்கு ஓடும் நகலிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போகாதபடி முதலில் அடைத்துவிடுங்கள்.

ஒரு மென்பொருளுக்கு 5க்கு 4.8 நட்சத்திரம் இருக்கிறது. நம்பி வாங்கலாமா? (திருச்சி)

கூடாது. ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள்.

டெலிகிராம் குழு ஒன்றில் 600 ரூபாய்க்கு டபிள்யூஎச்எம்சிஎஸ்ஸின் உரிமப் பூட்டை உடைத்த பதிப்பு கிடைத்தது. போட்டேன். இப்போது என் சர்வரிலிருந்து ஸ்பாம் போகிறது. சுத்தம் செய்ய நல்ல கருவி சொல்லுங்கள். (மதுரை)

சுத்தம் செய்ய முடியாது. இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை இணையத்திலிருந்து இறக்குங்கள்.

பில்லிங் மென்பொருளில் பில் மட்டும் இருப்பதில்லை. உங்கள் சர்வர்களின் கடவுச்சொற்கள், டொமைன் பதிவாளரின் ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி) சாவி, பேமென்ட் கேட்வே சாவி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அவற்றை மறையாக்கி வைத்திருந்தாலும், திறக்கும் சாவி அதே சர்வரில் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. பூட்டை உடைத்து விற்றவர் கதவு ஒன்றைத் தனக்கென்று திறந்து வைத்திருந்தால் அத்தனையும் அவருடையது. ஒழுங்காக உரிமம் வாங்கியவர்களே கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய தொழில் இது. 2012 மே மாதம், டபிள்யூஎச்எம்சிஎஸ் நிறுவனத்தின் சர்வரையே தாக்குதல்காரர்கள் கைப்பற்றினார்கள். அதன் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் உரியவர்போல் நடித்து நுழைவு விவரங்களை வாங்கிக்கொண்டார்கள். வாடிக்கையாளர் விவரங்கள் வெளியே கொட்டப்பட்டன. 2013 அக்டோபரில் அந்த மென்பொருளில் இருந்த ஓட்டை ஒன்றை எவரும் பயன்படுத்தும் வகையில் ஒருவர் பகிரங்கமாக வெளியிட்டார். உரிமம் வைத்திருந்தவர்கள் திருத்தத்தைப் போட்டுக்கொண்டார்கள். உங்களைப் போன்றவர்களுக்குத் திருத்தம் எங்கிருந்து வரும்?

எல்லாக் கடவுச்சொற்களையும் சாவிகளையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். சர்வரைப் புதிதாக நிறுவுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய ஊடுருவலைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கும் உண்மையைச் சொல்லுங்கள். 600 ரூபாயில் மிச்சம் பிடித்தவர் நீங்கள். ஆனால் அவர்கள் உங்களை நம்பி முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்தவர்கள். எனக்கு அவர்கள்மேல்தான் பரிவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளுக்கு ‘வாழ்நாள் உரிமம்’ வாங்கினேன். நிறுவனம் கைமாறியது. இனி மாதச் சந்தா கட்டினால்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவோம் என்று சென்ற மாதம் மின்னஞ்சல் வந்தது. உதவிக்கு ஆள் இல்லாமல் தனியாகத் தொழில் நடத்துகிறேன். ஏதாவது வழி உண்டா? (வாசகி, தாம்பரம்)

அம்மா, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். வாங்கியதில் உங்கள் தவறு ஏதுமில்லை. விற்றவர் கொடுத்த வாக்கு அது.

இந்த விற்பனை முறையைப் பற்றி எனக்குள்ள கோபத்தைச் சொல்லியாக வேண்டும். பில்லிங் மென்பொருள் ஒருமுறை வாங்கினால் அப்படியே ஓடும் பொருளல்ல. அது பிஎச்பி மேல் ஓடுகிறது. பிஎச்பியின் ஒவ்வொரு பதிப்புக்கும் சில ஆண்டுகளே ஆயுள். 5.6 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2018 இறுதியில் நின்றது. 7.4க்கு 2022 நவம்பரில் நின்றது. பிறர் படிக்க முடியாதபடி நிரலைப் பூட்டி விற்கும் நிறுவனம், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மறுபடி பூட்டித் தர வேண்டும். தராவிட்டால் உங்கள் மென்பொருள் புதிய சர்வரில் திறக்கவே திறக்காது. பதிவாளர்கள் ஏபிஐயை மாற்றுவார்கள், வங்கி விதி மாறும், வரி விதி மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரலாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒருமுறை வாங்கிய தொகையில் ஆண்டுக்கணக்கில் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடியாது என்பது விற்பவருக்கு விற்கும் நாளிலேயே தெரியும். தெரிந்தே விற்கிறார்கள். புதியவர்கள் காசு கொட்டும்வரை பழையவர்களுக்குத் திருத்தம் வரும். விற்பனை குறைந்ததும் நிறுவனத்தை வேறொருவருக்குக் கைமாற்றுவார்கள். வந்தவர் பழைய வாக்கு தன்னைக் கட்டாது என்பார்.

நானும் உதவி டிக்கெட்டுக்கென்று (வாடிக்கையாளர் அனுப்பும் புகார்களைப் பதிந்து பதில் எழுத) ஒரு மென்பொருளை இப்படித்தான் மொத்தத் தொகை கொடுத்து வாங்கினேன். சர்வரில் பிஎச்பி மாறியதும் அது நின்றது. விற்றவர் பதிலே போடவில்லை. அதைவிடக் கொடுமை, பழைய டிக்கெட்டுகளை மொத்தமாக வெளியே எடுக்க அவர்கள் வழியே வைத்திருக்கவில்லை. வாடிக்கையாளர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் போயிற்று. அன்றிலிருந்து எந்த மென்பொருளுக்கும் என் முதல் கேள்வி விலை அல்ல. ‘உங்களைவிட்டுப் போவதென்றால் என் வாடிக்கையாளர் பட்டியல், பில்கள், டிக்கெட்டுகள் மூன்றையும் எந்த வடிவத்தில் கொடுப்பீர்கள், எழுத்தில் சொல்லுங்கள்’ என்று கேட்கிறேன். மழுப்பினால் அத்துடன் விட்டுவிடுகிறேன்.

இனி உங்கள் வழி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்தில் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்தவே வாங்கியவருக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. உதவிக்கு ஆள் இல்லாமல் நடத்துகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே உங்கள் பலம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அந்த மின்னஞ்சலையும், ‘வாழ்நாள்’ என்று சொல்லி விற்ற பழைய பக்கத்தின் படத்தையும், பணம் கட்டிய ரசீதையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டில் இருக்கும் நிறுவனத்திடம் உத்தரவை நிறைவேற்றுவது எளிதல்ல. ஆகவே முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். குறைந்தது சந்தாவில் தள்ளுபடிக்காவது இறங்கி வர வாய்ப்புண்டு. இன்னொன்று: மென்பொருள் இன்னும் ஓடும்போதே உங்கள் தகவலை வெளியே எடுத்துவிடுங்கள்.

வாடிக்கையாளர்களின் கார்டில் தானாகப் பணம் எடுக்கும் வசதி இருக்கிறது என்று சொல்லித்தான் மென்பொருளை விற்றார்கள். பாதிப்பேருக்குத் தோல்வி அடைகிறது. (சேலம்)

வெளிநாட்டு மென்பொருளை உள்ளூர் விதிக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானியங்கிப் பற்றுக்கு வாடிக்கையாளர் முன்கூட்டியே இ-மேண்டேட் (மின்வழிச் சம்மதம்) கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் அவருக்கு அறிவிப்புப் போக வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து கார்டு எண்ணை வணிகர் சேமித்து வைக்கவும் கூடாது. அமெரிக்க வழக்கப்படி எழுதிய கேட்வே மாட்யூலுக்கு இவை எதுவும் தெரியாது. இந்திய கேட்வே ஒன்றின் சொந்த மாட்யூல் இ-மேண்டேட்டையும் யுபிஐ ஆட்டோபேயையும் தாங்குகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். கேட்வே மாறினால் வாடிக்கையாளர்கள் மறுபடி சம்மதம் தர வேண்டியிருக்கும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

பணம் வராத பில்களை மாதக் கடைசியில் அழித்துவிடுகிறேன். ஆடிட்டர் சத்தம் போடுகிறார். (கரூர்)

ஆடிட்டர் சொல்வது சரி. ஜிஎஸ்டி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் விடுபடாமல் வரிசையாக வர வேண்டும், 16 எழுத்துக்கு மிகக் கூடாது. பணம் வரும்வரை புரோஃபார்மா (வரிசை எண் இல்லாத முன்னோட்ட பில்), வந்தபின் வரிசை எண் என்ற அமைப்பு பெரும்பாலான ஹோஸ்டிங் பில்லிங் மென்பொருள்களில் உண்டு. அது உங்கள் தொழிலுக்குப் பொருந்துமா என்று அவரிடமே காட்டிக் கேட்டுவிட்டு இயக்குங்கள். தமிழ்நாட்டுக்குள் மத்திய, மாநில ஜிஎஸ்டி 9 + 9 சதவீதம், வெளி மாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று பிரித்து அச்சாகிறதா என்பதையும் பாருங்கள்.

பில்லிங்கோடு வரும் டிக்கெட் வசதி போதுமா, தனி உதவி மேசை மென்பொருள் வேண்டுமா? மூன்று பேர் பதில் எழுதுகிறோம். (திருநெல்வேலி)

மூன்று பேருக்குப் போதும். ஹோஸ்டிங்கில் ‘தளம் திறக்கவில்லை’ என்று வரும் டிக்கெட்டுகளில் கணிசமானவை கட்டணம் கட்டாததாலோ டொமைன் காலாவதியானதாலோ வருபவை. பதில் எழுதுபவரின் கண்முன்னே பில் நிலவரமும் தெரிந்தால் ஒரே பதிலில் முடியும். தனி மென்பொருள் என்றால் இரண்டு திரைகளுக்கு இடையே ஓட வேண்டும்.

தொலைபேசி, வாட்ஸாப், மின்னஞ்சல் எல்லாம் ஓரிடத்தில் வேண்டும் என்ற அளவுக்கு வளர்ந்தால் தனியாக எடுங்கள். ஓஎஸ்டிக்கெட் இலவசம், உங்கள் சர்வரிலேயே ஓடும். ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க் போன்றவற்றில் பதில் எழுதும் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் என்பதால் ஆள் கூடினால் செலவும் கூடும். 2010இல் ஸென்டெஸ்க் என்ற உதவி மேசை மென்பொருள் நிறுவனம் கட்டணத்தை ஏற்றியதும் பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கொதிப்பைப் படித்துத்தான் கிரிஷ் மாத்ருபூதம் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். வாங்குபவர்கள் சத்தம் போட்டால் சந்தையில் இன்னொரு கடை முளைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆகவே விலையேற்ற மின்னஞ்சல் வந்தால் பேசாமல் கட்டாதீர்கள், எதிர்த்து எழுதுங்கள்.

நான் ஹோஸ்டிங் தொழில் செய்பவனல்ல, ஜவுளிக்கடைக்காரன். என் .காம் டொமைன் காலாவதியாகிவிட்டது. ‘மென்பொருள் மாற்றினோம், நினைவூட்டல் போகவில்லை’ என்கிறார் ஹோஸ்டிங்காரர். மீட்க 25,000 ரூபாய் கேட்கிறார். (கும்பகோணம்)

கொடுக்காதீர்கள், இன்னும் வழி இருக்கிறது. டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் உலக அமைப்பான ஐகானின் கொள்கைப்படி, .காம் போன்ற டொமைன்கள் காலாவதியாவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாளுக்குள்ளும் உரிமையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும். அதற்குப் பொறுப்பு பதிவாளர் நிறுவனம். இடையில் இருப்பவர் எந்த மென்பொருளை மாற்றினார் என்பது உங்கள் கவலை அல்ல. டொமைன் விவரத் தேடலில் (ஹூஇஸ்) உங்கள் டொமைனின் பதிவாளர் யார் என்று பாருங்கள். மீட்புக் கட்டணத்தை அவர்கள் தங்கள் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். ஹோஸ்டிங்காரர் கேட்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். டொமைன் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் அது கடந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆகையால் பேரத்தில் நாளைக் கடத்தாமல், பதிவாளருக்கு இன்றே நேரடியாக எழுதுங்கள். உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும்தான் இருக்கின்றனவா என்று அவர்களிடம் கேளுங்கள். ஹோஸ்டிங்காரரின் பெயர் இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு வழக்கு.